பதினாலாவது ஆள்

ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, பதினான்கு பேரைக் கூட்டிக்கொண்டு அட்ராக்டா கில்மார்ட்டின் ஆர்ட்னமரா துறைமுகப் படிகளிலிருந்து கிளம்பினார். காற்றே இல்லை. மேகம் தாழ்ந்து, மாதாகோயில் கூரையின் பச்சைத் தாமிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேல்படியில் நின்று வழக்கம்போல விரலை நீட்டி, உதடு அசைய எல்லோரையும் ஒருமுறை எண்ணினார். பிறகு நான் உட்கார்ந்திருந்த டிக்கெட் அறையின் ஜன்னலுக்குள் தலையை நுழைத்தார்.

“வத்தம் எத்தனை மணிக்கு, ப்ரோனா? என் புஸ்தகத்தை அந்தப் பாவி பார்ட்லி வாங்கிட்டுப் போனான், இன்னும் திருப்பித் தரல.”

கடல் வற்றும் நேரமும் ஏறும் நேரமும் அச்சிட்ட ஓத அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து, ஒரு சீட்டில் 11.40 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“மூணே காலுக்குக் கெட்டிலைப் போட்டு வை. கால் நனைஞ்சு வருவாங்க, டீ கேப்பாங்க.”

“நனையாம கூட்டிட்டு வரக் கூடாதா?”

“நனைஞ்சாத்தான் அவங்களுக்கு ஊருக்குப் போய்ச் சொல்ல ஏதாவது இருக்கும். இல்லன்னா ‘ஒரு கிழவி நாள் முழுக்க வளவளன்னு பேசினா’ன்னு இன்டர்நெட்ல எழுதி வைப்பாங்க.”

அவர்கள் கடைத்தெரு வழியாகப் போனார்கள். நான் அடுத்த டிக்கெட்டுக் கட்டைப் பிரித்தேன். அந்தச் சீட்டில் நான் எழுதியது வேறு எந்த ஊரிலும் தவறாக இருந்திருக்காது.

அட்ராக்டாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். மற்ற ஆறு பேரும் பாஸ்டனிலும் பர்மிங்ஹாமிலும் குடியேறிவிட, இவர் மட்டும் ஊரிலேயே தங்கினார். பதினெட்டு வயதிலிருந்து மீன் கொட்டகையில் கானாங்கெளுத்தி கழுவி, வெட்டி, பெட்டியில் அடுக்கினார். கொட்டகை மூடப்பட்டபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. மீன் வறுவல் கடைக்கு மேல் இரண்டு அறைகளில் தனியாக இருந்தார். அந்தச் சமயத்தில்தான் நகர மன்றம் ஊர் முழுக்க நீல நிறப் பலகைகளை நட்டு, எதையாவது பார்க்க வந்தவர்களுக்கு இன்னின்னது இங்கே என்று எழுதி வைத்தது. பலகையைப் படித்தவர்கள் மேலும் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் அட்டிதான். “அட்டியை எப்படியும் நிறுத்த முடியாது, சம்பளம் குடுத்தாவது பேச விடுங்க” என்று மன்றக் கூட்டத்தில் பார்ட்லி ஹர்கடன் சொன்னதாக ஊரில் இன்றும் சிரிப்பார்கள்.

அவருக்கு ஆண்டுக்கணக்கு எதுவும் சரியாக வராது. பீரங்கிக் கோபுரத்தின் முன்னால் நின்று, “பிரெஞ்சுக்காரன் வருவான்னு கட்டினாங்க. அவன் வரல. அப்புறம் வாடகைக்கு விடலாம்னு பாத்தாங்க, அதுக்கும் ஒருத்தனும் வரல” என்பார். பஞ்ச காலத்துத் தானியக் கிடங்குக்கு வந்தால் மட்டும் குரல் மாறும். ஊர் பட்டினி கிடந்தபோது அங்கிருந்து ஓட்ஸ் மூட்டைகள் கப்பலேறியதைச் சொல்லிவிட்டு, யாரும் போட்டோ எடுக்காமல் ஒரு நிமிடம் நிற்கும்படி பார்த்துக்கொள்வார். அடுத்த நிமிடமே சிரிக்க வைத்துவிடுவார்.

ஆனால் அவர் எந்தப் படகிலும் ஏறியதில்லை. துறைமுகத்தில் பிறந்து வளர்ந்தவர், நீந்தத் தெரியாது. எங்கள் ஊரில் அது அதிசயமில்லை, மீன்பிடிக்கிறவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அவருக்கோ கடலின் மேல் மிதக்கிற எதைப் பார்த்தாலும் கை நடுங்கும். அதனால்தான் ஆட்டுத்தீவு நடையை ஏற்படுத்தினார். வற்றத்தின்போது கரைக்கும் தீவுக்கும் நடுவே மணல் வெளிவரும். வழி காட்டப் பத்துக் கல்தூண்கள் நிற்கின்றன. படகில் ஏறாமல் தீவுக்குப் போய், இடிந்த மடத்தைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்பிவிடலாம். பத்தொன்பது வருடம் அப்படித்தான் கூட்டிப் போனார். படிகளில் ஒருமுறை, மணல் தொடங்கும் இடத்தில் ஒருமுறை, மடத்தில் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை எண்ணுவார்.

தெரியாதவர்களுக்கு அந்த மணல் ஒரே சமதளமாகத் தெரியும். ஐந்தாம் தூணுக்கும் ஏழாம் தூணுக்கும் நடுவே அது லேசாகக் குழிந்திருக்கும். அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். ஏற்றத்தின்போது தண்ணீர் எதிரிலிருந்து வருவதில்லை. இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் சுற்றி வந்து முதலில் தொண்டையைத்தான் நிரப்பும். முன்னாலும் மணல், பின்னாலும் மணல், நடுவில் மட்டும் தண்ணீர். நல்ல அமாவாசை ஏற்றத்தில் தொண்டை முழங்காலிலிருந்து கழுத்துக்கு வர இருபது நிமிடம்.

அன்று அமாவாசைக்கு மறுநாள்.

மதியம் ஒன்றரை மணிக்குப் பார்ட்லி வந்தான். இறால் கூடு போடுகிறவன். அட்ராக்டாவோடு ஒரே வகுப்பில் படித்தவன், அந்த உரிமையில் அவரைத் திட்டாத நாளில்லை. பழுப்பு அட்டை போட்ட ஓதப் புத்தகத்தை ஜன்னல் கட்டையில் வைத்தான்.

“இந்தா, மகாராணியோட புஸ்தகம். இன்னும் ஒரு நாள் வச்சிருந்தா என் தோலை உரிச்சிருப்பா. எங்க அவ?”

“தீவுக்குப் போயிருக்காங்க.”

“இந்நேரம் கரையேறி இருப்பா.”

“இல்ல, மூணே காலுக்குத்தான் வருவேன்னு சொன்னாங்க.”

“எப்படி, நீந்தியா?” என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்தினான். “ஏ பிள்ள, வத்தம் எத்தனை மணின்னு சொன்ன அவகிட்ட?”

“பதினொண்ணு நாப்பது. எழுதியே குடுத்தேன்.”

“புஸ்தக மணியா, கடிகார மணியா?”

நான் சுவரிலிருந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தேன்.

ஓதப் புத்தகமும் சுவர் அட்டவணையும் வருடம் முழுக்கக் குளிர்கால மணியில்தான் அச்சாகின்றன. கோடையில் நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறோம், புத்தகம் தள்ளுவதில்லை. அதனால் எங்கள் ஊரில் யாராவது வற்றம் எப்போது என்று கேட்டால், புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்வது கேட்டவர் வேலை. யாரும் யாருக்கும் இதைச் சொல்லித் தருவதில்லை, பேசிப் பழகும்போதே வந்துவிடும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆறு வருடம் வேறு வேறு துறைமுகங்களில் வேலை பார்த்துவிட்டு அந்த மே மாதம்தான் திரும்பியிருந்தேன். போன இடங்களிலெல்லாம் மணி என்றால் கடிகாரத்தில் இருக்கிற மணி. அன்று காலை அட்டவணையில் 10.40 என்று பார்த்தேன், ஒன்றைக் கூட்டினேன், 11.40 என்று எழுதினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அட்ராக்டா பத்தொன்பது வருடப் பழக்கத்தில் இன்னொரு மணி நேரத்தைக் கூட்டியிருப்பார். இரண்டே முக்கால் வரை மணலில் நடக்கலாம் என்று நினைத்து மடத்தில் கதை சொல்லிக்கொண்டிருப்பார். உண்மையில் தொண்டை ஒன்றே முக்காலுக்கு மூடும்.

“வண்டியில ஏறு” என்றான் பார்ட்லி.

தீவில் போன் எடுக்காது. எனக்கு அது தெரியும், ஆனாலும் வழி முழுக்க அவர் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். பார்ட்லி மீட்புப் படகுக்காரர்களைக் கூப்பிட்டான். படகு வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

மணல் தொடங்கும் இடத்தில் ரோரி டர்கனின் வீடு. தீவில் அவன் ஆடுகள் மேய்கின்றன, டிராக்டரில் போய் வருவான். நாங்கள் போனபோது வாசலில் நின்று கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப டிராக்டரை எறக்கினா டிராக்டரும் போகும், நானும் போவேன்” என்றான்.

“அங்க பதினஞ்சு பேர்டா, ரோரி” என்றான் பார்ட்லி.

ரோரி என் முகத்தைப் பார்த்தான். பிறகு டிரெய்லரை மாட்டினான். நானும் பார்ட்லியும் அதில் ஏறிக்கொண்டோம்.

முதல் நான்கு தூண்கள் வரை ஈர மணல். சக்கரத்துக்கு அடியில் கடினமாக இருந்தது. ஒரு கணம் எல்லாம் என் கற்பனை என்றுகூடத் தோன்றியது. பிறகு இடது பக்கம் பார்த்தேன். மணலின் மேல் வானம் ஊர்ந்து வந்தது. அது தண்ணீர். அலை இல்லை, நுரை இல்லை, சத்தமும் இல்லை. மேகத்தின் சாம்பல் நிறத்தை அப்படியே சுமந்துகொண்டு, நடக்கிற ஆளின் வேகத்தில் வந்தது. வலது பக்கம் திரும்பினேன். அங்கேயும் வந்தது.

ஆறாம் தூணருகே அவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தீவிலிருந்து கிளம்பி மணலில் பாதி தூரம் வந்தபிறகே தண்ணீர் சூழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் தொடைக்கு மேல். முன்னால் வந்த இருவர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்தார். “இது எப்பவும் உண்டா, இல்ல இன்னைக்கு மட்டும் விசேஷமா?” என்று டிரெய்லரில் ஏறும்போது என்னைக் கேட்டார். அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

பின்னால் வந்தவர்கள் சிரிக்கவில்லை. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள், அம்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. எல்லோருக்கும் கடைசியில் அட்ராக்டா. தண்ணீர் அவருக்கு இடுப்பைத் தாண்டியிருந்தது. இரண்டு கைகளையும் அகல விரித்து, ஆடு ஓட்டுகிற மாதிரி, “நடங்க, நடங்க, நிக்காதீங்க, பேசிட்டே நடங்க” என்று கத்திக்கொண்டு வந்தார். கடலில் மிதப்பதைப் பார்த்தாலே நடுங்குகிற அந்த அம்மாள்.

ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டோம். கடைசியாக அட்ராக்டாவைப் பார்ட்லி கக்கத்தில் கை கொடுத்து ஏற்றினான். ஏறியதும் அவர் உட்காரவில்லை. விரலை நீட்டினார்.

“பதிமூணு.”

மறுபடி எண்ணினார். பதிமூன்று. பார்ட்லி எண்ணினான். நான் எண்ணினேன். ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினோம்.

“ஒருத்தர் இல்ல. ஒரு ஆம்பளை. உயரமா, வயசானவர். போகும்போது கடைசில நடந்து வந்தார். ரோரி, திருப்பு!”

“திருப்ப முடியாது, அட்டி. இஞ்சின்ல தண்ணி ஏறுது.”

“திருப்புடா!”

அவர் டிரெய்லர் விளிம்பில் கால் வைத்தார். பார்ட்லி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அப்போது ஏழாம் தூணுக்கு அப்பால் தண்ணீரில் கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. “அதோ! அதோ நிக்கறார்!” என்று அட்ராக்டா அலறினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலை எங்களைப் பார்த்தது, அமிழ்ந்தது, வேறு இடத்தில் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஏற்றத்தோடு மீன் தேடி வரும் கடல்நாய்கள். ரோரி கியரை மாற்றினான். நாங்கள் கரைக்கு வந்தோம்.

மீட்புப் படகு வந்தது. ஹெலிகாப்டர் வந்தது. வெளிச்சம் இருக்கும்வரை தேடினார்கள், மறுநாள் விடியற்காலையிலும் தேடினார்கள். மடத்துக்குள், ஆட்டுக் கொட்டிலில், பாறை இடுக்குகளில், ஊருக்குள் பீரங்கிக் கோபுரத்து மாடியில்கூடப் பார்த்தார்கள். ஒரு தொப்பிகூடக் கிடைக்கவில்லை.

நாங்கள் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. ஜன்னலில் காசு வாங்கி, சுருளிலிருந்து டிக்கெட்டைக் கிழித்துத் தருவதோடு சரி. சுருளில் பதினான்கு எண்கள் போயிருந்தன. ஊர் விடுதிகளில் எல்லா விருந்தினரும் இருந்தார்கள். காணவில்லை என்று யாரும் எந்த ஊரிலும் புகார் கொடுக்கவில்லை. அந்தப் பதிமூன்று பேரில் இரண்டு பேர், ஆமாம், அப்படி ஒருவர் இருந்தார் என்றார்கள். மற்றவர்களுக்கு நினைவில்லை.

சார்ஜென்ட் நல்ல மனிதர். “அட்ராக்டா, டிக்கெட் வாங்கிட்டு அவர் வராமலே இருந்திருக்கலாமே?” என்றார்.

“மணல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடி எண்ணினேன். பதினாலு.”

“மடத்துல?”

அட்ராக்டா இல்லையென்று தலையசைத்தார். மடத்துக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் வளைவுக்கு அடியில் பாதி, இடிந்த சுவரோரம் பாதி என்று சிதறி ஒதுங்கினார்கள். நனைந்துகொண்டு எண்ண வேண்டாம், மழை விட்டதும் எண்ணலாம் என்று நினைத்திருக்கிறார். மழை விட்டது. எண்ண மறந்துவிட்டார்.

நான் சார்ஜென்டிடம் சீட்டைப் பற்றிச் சொன்னேன். அவரும் இந்த ஊர்தான். நான் சொல்லி முடிப்பதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் வற்றத்தின்போது அட்ராக்டா மணல் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். பின்னாலேயே போனேன்.

“அட்டி, அது கடிகார மணி. நானே கூட்டிட்டுத்தான் எழுதினேன்.”

“தெரியும். வீட்டுக்குப் போனதும் சீட்டையும் புஸ்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்.”

“எல்லாம் என்னாலதான்.”

“ஆமா, உன்னாலதான்” என்றார். கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: “மடத்துல நான் எண்ணலியே, அது யாரால? போ, அந்தப் பக்கம் பாசி மேல பாரு. நான் இந்தப் பக்கம் பாக்கறேன்.”

செப்டம்பரில் நான் மறுபடி கிளம்புவதாக இருந்தது. பை கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. போக முடியவில்லை. ஊருக்குள் இருக்கிற நடையை நான் எடுத்துக்கொண்டேன்: படிகள், கோயில், கிடங்கு, கோபுரம். தீவு நடை நின்றுபோனது. அட்ராக்டா ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் பெயர், விடுதி, போன் எண், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதினார். “கோபுரம் பாக்கத்தானே போறோம், போருக்கா போறோம்?” என்று ஒரு ஜெர்மன்காரர் எரிச்சல்பட்டார். அட்ராக்டா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், “வீட்டு நம்பர்?” என்றார்.

மாதம் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார். யார் பெயருக்கு என்று பாதர் கேட்டபோது, “ஆண்டவருக்குத் தெரியும், நீங்க சும்மா படிங்க” என்றார். அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பலிபீடத்திலிருந்து, “நாம் பெயர் அறியாத ஒருவருக்காக” என்று குரல் வரும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அட்ராக்டாவின் முதுகு மட்டும் முன்வரிசையில் விறைத்து நிற்கும்.

ஊர் இரக்கம் காட்டியது. கொஞ்சம் சிரிக்கவும் செய்தது. மதுக்கடைக்குள் அவர் நுழைந்தால் மூலையிலிருந்து யாராவது, “என்ன அட்டி, உன் பதினாலாவது ஆள் வந்து சேந்துட்டானா?” என்பான். முதல் தடவை பார்ட்லி அப்படிக் கேட்டவனின் சட்டையைப் பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு அட்ராக்டா மதுக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். அப்படி ஒரு ஆளே கிடையாது, வயதாகி எண்ணத் தெரியாமல் போய்விட்டது என்று சிலர் சொன்னார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஆள் இல்லை என்றால் அவர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார்.

“மோவாயில ஒரு வெட்டுக் காயம், சவரம் பண்ணினது. ரத்தம் காயாம இருந்தது. நான் துடைச்சுக்கங்கன்னு சொல்லலாம்னு நினைச்சேன்” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். எனக்கு அந்த முகம் நினைவில் இல்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள் நான்தான், கையைத்தான் பார்த்திருப்பேன்.

இரண்டாவது குளிர்காலத்தில், பிப்ரவரிப் புயல் அடங்கிய காலை, எட்டு மணிக்கு என் கதவைத் தட்டினார். உதட்டில் நிறமே இல்லை.

“பாறைமுனைகிட்ட ஒண்ணு ஒதுங்கியிருக்கு. நீ வா.”

போனோம். முந்நூறு அடி தள்ளியே நின்றுவிட்டார். பாசிக் குவியலில் பாதி புதைந்து, கறுப்பாக, ஒரு மனிதன் குப்புறக் கிடந்தான். தோள் தெரிந்தது. ஒரு கை முன்னால் நீண்டு கிடந்தது. அலை வரும்போதெல்லாம் அந்தக் கை லேசாக உயர்ந்து, தாழ்ந்தது.

“நீ போய்ப் பாரு. என்னால முடியல” என்றார். பிறகு, நான் இரண்டு அடி வைத்ததும், “ப்ரோனா, மொகத்தைப் பாரு. மோவாயைப் பாரு” என்றார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை. பத்தடி இருக்கும்போது அழுகல் வாடை அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் குனிந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அந்தத் தோளைப் பிடித்துப் புரட்டினேன். கனமாக இருந்தது. உள்ளிருந்து மணல் கொட்டியது. யாரோ ஒரு மீனவனின் எண்ணெய்த்துணிக் கோட்டு. வாடை அதனடியில் செத்துக் கிடந்த பறவையுடையது.

“கோட்டு!” என்று கத்தினேன். “அட்டி, வெறும் கோட்டு!”

அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “உள்ள ஆள் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு நினைச்சேன்” என்றார். “புதைச்சிருக்கலாம். அப்புறம் தூங்கியிருக்கலாம். இப்படி நினைக்கறேனே, நான் எல்லாம் ஒரு மனுஷியா?”

நானும் அதையே நினைத்திருந்தேன்.

அதன் பிறகு கோடை வந்தது, போனது. உல்லாசக் கப்பல்களில் சுற்றுலாக்காரர்கள் வந்தார்கள், படிகளில் நின்று படம் எடுத்தார்கள். தீவுக்கு எப்போது போவீர்கள் என்று கேட்டார்கள். படகில் போகலாம் என்று பார்ட்லியின் எண்ணைக் கொடுத்தேன். அட்ராக்டா நோட்டில் பெயர் எழுதினார். ஒவ்வொரு வற்றத்துக்கும் மணலுக்குப் போனார். மழையானாலும் போனார். எலும்பு என்று நினைத்து வெளுத்த மரத்துண்டுகளைத் தூக்கிப் பார்த்தார். வெளிநாட்டு முத்திரை ஒட்டிய எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்க மாட்டார், என்னைப் பிரிக்கச் சொல்வார். யாரோ ஒரு மகளோ மனைவியோ ஒருநாள் எழுதப் போகிறாள், என் ஆள் எங்கே என்று கேட்கப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

நவம்பர் மாதத்தின் ஒரு வியாழக்கிழமை. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தன. நடைக்கான மின்னஞ்சலைக் குளிர்காலத்தில் வாரம் ஒருமுறைதான் திறப்பேன். மூன்று விளம்பரங்களுக்கு நடுவில் ஒன்று இருந்தது. முதல் நான்கு வரி படித்ததும் எழுந்தேன். அறையைப் பூட்டினேனா என்று நினைவில்லை. மீன் வறுவல் கடையின் பக்கவாட்டுப் படிகளில் ஏறி, தட்டாமல் உள்ளே போனேன். அட்ராக்டா ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய வற்றத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் போனைப் பார்த்ததும் எழுந்து, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார்.

“யாரு? மகளா?”

“இல்ல.”

“பொண்டாட்டியா?”

“அட்டி, உக்காருங்க.”

“உக்கார மாட்டேன். படி. ஒரு வார்த்தை விடாம படி.”

நின்றுகொண்டே படித்தேன்.

“மதிப்பிற்குரிய அம்மா,

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்ட் மாதத்தில் உங்களுடைய தீவு நடையில் சேர்ந்தேன். நான் ஸ்வீடனைச் சேர்ந்தவன். உங்களுக்கு என்னை நினைவிருக்காது, எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தேன். இரண்டாவது தூணைத் தாண்டியதும், இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாத அந்த வெளி என்னைத் திடீரென்று மிகவும் பயமுறுத்திவிட்டது. காரணம் சொல்லத் தெரியவில்லை. எழுபது வயதில் அதை வெளியே சொல்லவும் வெட்கமாக இருந்தது. நீங்கள் முன்னால் பேசிக்கொண்டே போனீர்கள். உங்கள் பேச்சைக் கெடுக்க வேண்டாமென்று சத்தமில்லாமல் திரும்பி நடந்து, மதியப் பேருந்தைப் பிடித்துவிட்டேன். சொல்லாமல் போனது மரியாதையில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது ஒரு சிறிய உதவி வேண்டும். மடத்தில் தொங்கிய மணியின் கதையை நீங்கள் சொல்லத் தொடங்கியிருந்தீர்கள். துறவிகள் அதைப் புதைத்து மறைப்பதற்காகப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினார்கள் என்பதுவரை கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியிடம் அந்தக் கதையைச் சொன்னேன், முடிவை நானே கட்டிவிட்டேன். நான் ஒவ்வொரு முறையும் மணியை வெவ்வேறு இடத்தில் புதைக்கிறேன் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது என் வார்த்தை எதையும் நம்ப மாட்டேன் என்கிறாள். தயவுசெய்து எழுதுங்கள், அந்த மணியை அவர்கள் உண்மையில் எங்கே புதைத்தார்கள்?

ஆர்விட் செலின்.”